முருங்கை மரம் குடித்த மருந்து

என் கோபம் காரைக்குடியில் ஓரளவு பிரசித்தம். செக்காலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், இரைக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை என் வாசலில் இறக்கிவிடும்போதே, "வைவாக, ஆனா நல்லாப் பாப்பாக" என்று சொல்லித்தான் அனுப்புவார்களாம். இதை எனக்குக் கிடைத்த பட்டம் மாதிரி வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வைகிற டாக்டரிடம்தான் விஷயம் இருக்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையின் மேல் நான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். யார் யார் பயந்தார்கள், பயந்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று யோசித்ததில்லை. யோசித்திருந்தால் எட்டு வயதுப் பெண் ஒருத்தி என் கண்ணெதிரே உதடு நீலம் பாரித்துக் கிடந்திருக்க மாட்டாள்.

நான் குழந்தைகள் மருத்துவர். சில வருடங்களாக என் நேரத்தில் பாதி ஓர் ஆராய்ச்சிக்குப் போகிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீசிங் வருகிற பிள்ளைகளுக்கு அது எதனால் கிளம்புகிறது, தூசியா, புகையா, கோழி இறகா, ஆட்டு ரோமமா, மருந்தை ஒழுங்காக எடுத்தால் எவ்வளவு அடங்குகிறது என்று பார்க்கிற வேலை. நானும் ஆய்வு உதவியாளர் பெண் ஒருவரும் ஒரு காரில் கிராமம் கிராமமாகப் போவோம். பிள்ளைகளை ஊதச் சொல்லி அளப்போம், படுக்கைத் தூசியை உறிஞ்சி எடுத்துச் சிமிழில் அடைப்போம், மருந்து கொடுப்போம்.

மருந்து என்றால் இரண்டு இன்ஹேலர். பழுப்பு நிறத்தது தினமும் காலையும் இரவும் இழுக்க வேண்டியது, இரைப்பு வராமல் இருப்பதற்கு. நீலம், வந்துவிட்டால் அந்த நேரத்துக்கு. பழுப்பைத் தவறாமல் இழுக்கிற பிள்ளைக்கு நீலம் அநேகமாகத் தேவைப்படாது. இவ்வளவுதான் சங்கதி. இந்தச் சங்கதியைப் புரியவைக்க எனக்கு இருபது வருடம் போதவில்லை.

"இழுத்தா பழகிப் போயிரும் டாக்டர்." இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை சுடும். சோறு தின்பது பழகலாம், பல் விளக்குவது பழகலாம், மூச்சு விடுவது பழகிவிட்டால் மட்டும் குடி முழுகிவிடுமா என்று கத்துவேன். இன்னொரு வகை உண்டு. நாலு வயதுப் பெண்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆஸ்துமான்னு எழுதிராதீக, வீசிங்குன்னே எழுதுங்க, நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணும்ல" என்பார்கள். நாலு வயது. அதற்கு இன்னும் செருப்பை எந்தக் காலில் எதைப் போடுவது என்று தெரியாது. நான் வேண்டுமென்றே கொட்டை எழுத்தில் ஆஸ்துமா என்று எழுதி, கீழே கோடும் போட்டுக் கொடுப்பேன். ஆண்பிள்ளைகளுக்கு யாரும் இப்படி வந்து கெஞ்சியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக் காட்டுவேன்.

ஆராய்ச்சிக்கென்று நாங்கள் கொடுத்த பழுப்பு இன்ஹேலரின் முதுகில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. அதற்குள் ஓர் எண். நூற்றிருபதில் தொடங்கும். ஒரு தடவை அழுத்தினால் ஒன்று குறையும். ஒரு நாளைக்கு நாலு. முப்பது நாளில் பூஜ்ஜியம். மாதம் ஒருமுறை உதவியாளர் போய் எண்ணைக் குறித்துக்கொண்டு, புதியதைக் கொடுத்துவிட்டு வருவார். குறைய வேண்டிய அளவு குறையவில்லை என்றால் அந்த வீட்டுக்கு நானே போவேன். போனால் என்ன நடக்கும் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். ஆள் வாய் பொய் சொல்லும், எண் சொல்லாது என்று உதவியாளரிடம் அடிக்கடி சொல்வேன். அவர் தலையாட்டுவார். என்னிடம் வேலை பார்க்கிறவர்களுக்குத் தலையாட்டுவது சீக்கிரமே வந்துவிடும்.

அந்தப் பெண் கீழச்சிவல்பட்டிக்காரி. ஒற்றைப் பின்னல், முன்பல் இரண்டு விழுந்து ஒன்று பாதி முளைத்திருந்தது. தகப்பன் நெல் அறுக்கிற இயந்திரம் ஓட்டுகிறவர். மாதக்கணக்கில் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவார். அம்மாவுக்கு ஊரில் ஒரு பெரிய வீட்டின் பொறுப்பு. வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு திசையில், சென்னையிலும் வெளிநாட்டிலுமாக இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் கூடுவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. மாதம் ஒருமுறை இந்த அம்மா கதவைத் திறந்து, இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு முகப்பிலிருந்து அடுப்படி வரை கூட்டி, சாமி அறையில் விளக்கேற்றிவிட்டுப் பூட்டுவார். ஒன்பது வருடமாக அந்தச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். எத்தனை சாவி என்று ஒருமுறை கேட்டேன். கொத்தைப் பார்க்காமலே, எந்தச் சாவி எந்த அறைக்கு என்று வரிசையாகச் சொன்னார்.

கூட்டுகிற நாளில் பெண்ணும் கூடவே போகும். சும்மா கிடக்கிற அத்தனை பெரிய வீட்டில் ஓடி விளையாடினால் யாருக்குத்தான் பிடிக்காது. அன்றைக்குச் சாயங்காலமே இரைப்பும் வரும். இதைக் கேட்டதும் எனக்கு ஏக சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், சந்தோஷம்தான். காரணம் இவ்வளவு சுத்தமாகக் கையில் வந்து விழுவது ஆராய்ச்சிக்காரர்களுக்கு அபூர்வம்.

அடுத்த மாதம் வீடு திறக்கிற நாளைக் கேட்டுவைத்து, தூசி எடுக்கிற கருவியோடு நாங்களும் போனோம். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளத்தைப் பிரித்தார்கள். வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் தூசி நின்றது. வௌவால் நாற்றம். நான் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றிருப்பேன். நெஞ்சுக்குள் கயிற்றைப் போட்டு முறுக்க ஆரம்பித்தது.

எனக்கும் ஆஸ்துமா. ஏழு வயதிலிருந்து.

கருவியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, போன் வந்த மாதிரி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. காருக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து நின்று நீலத்தை இரண்டு தடவை இழுத்தேன். ஐந்து நிமிடம் செருப்பைச் சரிசெய்வதுபோல நின்றுவிட்டு உள்ளே போனேன். இது எனக்குக் கைவந்த கலை. என் கல்யாணத்தின்போது அம்மா அதைக் கைக்குட்டையில் சுற்றி என் இடுப்பில் செருகிவிட்டு, "முடியலைன்னா பாத்ரூமுக்குப் போயிட்டு வா, மாப்பிள்ளை வீட்டாளுக முன்னாடி எடுத்துராத" என்றாள். மூன்று தடவை பாத்ரூமுக்குப் போனேன். பெண்ணுக்கு வயிறு சரியில்லை என்று அவர்கள் வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். என் கணவருக்கு ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஆஸ்துமாவுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரே இரைத்துக்கொண்டு நின்றால் யார் நம்புவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். உதவியாளர் பெண்ணைத் தவிர வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பழுப்பும் நீலமும் கொடுத்தேன். வாயில் நேராக வைத்து இழுத்தால் பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். அதனால் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை ஒன்றை நடுவில் மாட்டிக் கொடுப்போம். அதையும் எப்படிக் கழுவ வேண்டும் என்பது வரை சொன்னேன். எண் சன்னலைப் பெண்ணுக்கே காட்டி, "தினம் நாலு குறையணும். குறையலைன்னா நான் வருவேன்" என்றேன். அவள் கண்ணை அகட்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா என் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் மாதம் எண் பூஜ்ஜியம். இரண்டாம் மாதம் பூஜ்ஜியம். மூன்றாம் மாதமும் அப்படியே. என் பட்டியலில் அதைப்போல ஒழுங்கான வரிசை இன்னொன்று கிடையாது. ஆனால் இரைப்பு அடங்கவில்லை. ஊதச் சொல்லி அளந்தால் அளவு ஏறவே இல்லை. மருந்து உள்ளே போகிறது, போயும் கேட்கவில்லை, அப்படியானால் வெளியே இருந்து வருகிற தூசிதான் எல்லாம் என்று முடிவு கட்டினேன். அந்த அம்மாவை வரச் சொன்னேன். வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருக்க, கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டேன்.

"பிள்ளை வேணுமா, சாவி வேணுமா?"

அடுத்த வாரம் உதவியாளர் வந்து, அந்த அம்மா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றார். இப்போது இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை போனது மாதிரிதான் தெரியும். அந்த ஊரில் ஒருத்தர் வீட்டுச் சாவி இன்னொருத்தர் இடுப்பில் இருப்பது வேறு விஷயம். வெள்ளிப் பாத்திரம் இருக்கிற அறையின் சாவி அது. தானாகத் திருப்பிக் கொடுத்தால் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். பேசினார்கள். பின்னால், எல்லாம் தெரிந்த பிறகு, நானே வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். வேறு ஆள் வைத்துவிட்டோம், அடிக்கடி மாற்றினால் நன்றாக இருக்காது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

சாவி போயும் இரைப்பு போகவில்லை. பழுப்பையே வீரியம் கூடியதாக மாற்றிக் கொடுத்தேன். மாத்திரை ஒன்றும் சேர்த்தேன். வீட்டில் இருந்த இரண்டு கோழிகளையும் விற்கச் சொன்னேன், விற்றார்கள். ஆராய்ச்சிக் கூட்டம் ஒன்றில் அந்தப் பெண்ணின் வரிசையைத் திரையில் போட்டு, மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாத குழந்தைக்கும் நோய் அடங்காமல் இருக்கக்கூடும் என்று பேசினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

ஏழாவது மாதம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாள். பத்து நாள் பூட்டிக் கிடந்த வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டியிருக்கிறார்கள். இவள் துடைப்பம் பிடித்திருக்கிறாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லையாம், இவளே ஆசையாக வாங்கிப் பிடித்தாளாம். பதினோரு மணிக்கு அந்த அம்மாவிடமிருந்து போன். பின்னால் லோடு ஆட்டோ சத்தம். "பேச மாட்டேங்குறா டாக்டரம்மா" என்பது மட்டும் புரிந்தது.

மருத்துவமனை வாசலில் நின்றிருந்தேன். அம்மா தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார். பிள்ளையின் தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. நெஞ்சில் ஸ்டெத் வைத்தேன். விசில் மாதிரி இரைகிற சத்தம் கேட்டிருந்தால்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கும். ஒரு சத்தமும் இல்லை. காற்று உள்ளே போகவே இல்லை. உதடு நீலம். பெயர் சொல் என்றேன். வாயைத் திறந்தாள், முதல் எழுத்துக்கு மேல் வரவில்லை.

ஆக்சிஜன், நெபுலைசர், அதன்மேல் இன்னொரு நெபுலைசர், ஊசி, சொட்டு மருந்து. பக்கத்தில் தொண்டைக்குள் குழாய் இறக்குவதற்கு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அன்றைக்கு எனக்குக் கத்தக்கூட நேரமில்லை. மூன்று மணிக்கு மேல் மெல்ல இரைப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதது அன்று ஒருநாள்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு முகமூடியை விலக்கிவிட்டு, "பசிக்குது" என்றாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். படுக்கையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். மருந்தை எப்படி எடுக்கிறாள் என்று பார்த்துவிடலாம், எங்கேயோ கோளாறு இருக்க வேண்டும் என்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த பையைக் கேட்டேன். அம்மா தயங்கிக் கொடுத்தார். இன்ஹேலரின் எண் சரியாக இருந்தது. ஸ்பேசரை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

ஏழு மாதம் மருந்து பட்ட ஸ்பேசர், எத்தனை கழுவினாலும் உள்ளே மங்கிப் போய், வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். எங்கள் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். இது கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டின் ஓரம்கூட நனையவில்லை. ஏழு மாதமாக மாதாமாதம் அந்த வீட்டில் எண்ணை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம். இந்தக் குடுவையைக் கையில் எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயா என்றேன். ஒருமையில் கேட்டேன். நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று, பெண்கள் மட்டுமே பெண்களிடம் கேட்கிற அந்தக் கேள்வியையும் கேட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பெண் இட்லியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். உதவியாளர் என் முழங்கையைத் தொட்டார், தட்டிவிட்டேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அந்த அம்மா பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"எண்ணு கொறையலைன்னா வைவீக. அதான் அடிச்சேன். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. கொல்லையில முருங்கை மரத்துக்கிட்ட நின்னு அடிச்சுட்டு வந்துருவேன். ஒரு நாள் தப்பல."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா..."

"சொன்னா விட்டுருப்பீகளா?"

விட்டிருக்க மாட்டேன். அது எல்லோருக்கும் தெரியும்.

"தூசி ஆகாதுன்னு சொன்னீக. அது எங் கண்ணுக்கே தெரிஞ்சுச்சு. சாவியக் குடுத்துட்டேன். ஊரே பேசுச்சு, பேசட்டும்னுதான் குடுத்தேன். கோழிய வித்தேன். நீங்க சொன்னதுல இத இழுக்க விடுறது ஒண்ணுதான் நான் செய்யல."

"அதுதானே மருந்து. அதை மட்டும் ஏன் செய்யலை?"

அவர் சற்று நேரம் பெண்ணின் பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"உங்களுக்கு எத்தன வருசமா இருக்கு?"

"எனக்கு என்ன?"

"இளைப்பு."

உதவியாளர் தரையைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பெரிய வீட்டுல தூசி எடுக்க வந்தீகள்ல. வேர்த்துக் கொட்டி வெளிய போனீக. தண்ணி மோந்துக்கிட்டு நானும் பின்னாடியே வந்தேன். காருக்கு அங்குட்டு குனிஞ்சு நின்னு அடிச்சீக. இவளும் எங்கூடத்தான் நின்னா. 'அம்மா, டாக்டரும் அடிக்கிறாக'ன்னா. வாயப் பொத்தி இழுத்துட்டு வந்துட்டேன்."

"அது..."

"நீங்க படிச்சவுக. ஒலகத்துல உள்ள மருந்தெல்லாம் உங்க கையில இருக்கு. உங்களுக்கே இந்த வயசுவரைக்கும் அது விடல. நல்ல மருந்தா இருந்தா, ஊருக்கே குடுக்குற நீங்க எதுக்கு ஒளிஞ்சு அடிக்கணும்? நீங்களே காருக்குப் பின்னாடிதான் அடிக்கணும்னா, எம்புள்ள நாளைக்கு எங்குட்டுப் போயி ஒளிவா?"

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். கண்ணால் கண்டதை வைத்துக்கொண்டு, ஓர் ஆராய்ச்சிக்காரர் எப்படி முடிவுக்கு வர வேண்டுமோ அப்படித்தான் வந்திருந்தார். நான் வாயால் சொன்னதை விட்டுவிட்டு, நான் செய்ததைப் பார்த்திருந்தார். ஆள் வாய் பொய் சொல்லும் என்று நான்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரத்தில் வந்த கோபம் மாதிரி எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கல்யாணத்தில் கைக்குட்டையைச் சுற்றிய என் அம்மாமேல் வந்தது. அவள் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ஓமத்தண்ணீர் கொடுத்தவர்கள்மேல்கூட வந்தது. கடைசியில் எல்லாம் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நின்றது. கொட்டை எழுத்தில் ஆஸ்துமா என்று எழுதி அடியில் கோடு போட்டுக் கொடுத்த எத்தனையோ சீட்டுகள். என் பெயருக்கு அப்படி ஒரு சீட்டு எங்கேயும் கிடையாது.

கத்தியதில் எனக்கும் லேசாக இரைக்க ஆரம்பித்திருந்தது. கைப்பையைத் திறந்தேன். வெளியே போக வேண்டும் என்றுதான் கால் எழுந்தது. போகவில்லை. நீலத்தை எடுத்து, வார்டு முழுக்கப் பார்த்திருக்க, பிள்ளையின் ஸ்பேசரிலேயே மாட்டி இரண்டு தடவை இழுத்தேன். ஐம்பதை நெருங்குகிற எனக்கு, வெளிச்சத்தில் நின்று மருந்து இழுப்பது அதுதான் முதல் தடவை.

"ஏழு வயசுல இருந்து இருக்கு," என்றேன். "மருந்தால வந்தது இல்லை. ஒளிச்சது என் தப்பு. மருந்து மேல தப்பு இல்லை. இதைத் தினமும் எடுத்தா..." என்று, காட்டுவதற்காகப் பையில் கைவிட்டுப் பழுப்பையும் எடுத்தேன்.

பெண் இட்லிக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, "குடுங்க" என்றாள். வாங்கி, நான் பழக்கியபடியே திருப்பிப் பிடித்து, முதுகில் இருந்த சன்னலைப் பார்த்தாள்.

"நூத்திப் பதினெட்டு," என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது போன வருடம் பிரித்தது. சரியாக வருகிறதா என்று பார்க்க, எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, பிரித்த அன்றைக்கு இரண்டு தடவை காற்றில் அடித்திருக்கிறேன். அதோடு சரி. தினமும் காலையில் அதை எடுத்தால் நான் நோயாளி. நீலத்தை எப்போதாவது ஒளிந்து இழுத்தால், எனக்கு ஒன்றும் இல்லை. இப்படி ஒரு கணக்கில்தான் நான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். அதே கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்த எத்தனை பேரை நிற்கவைத்து வைதிருப்பேன்.

பெண் விரல் விட்டு எண்ணினாள். நூற்றிருபதில் இரண்டு போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. தினம் நாலு குறையவில்லை என்றால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். அம்மாவும் எட்டி அந்த எண்ணைப் பார்த்தார். உதவியாளர் பார்த்தார். பக்கத்துப் படுக்கைக்காரர்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

நான் காத்திருந்தேன். யாரும் என்னை வையவில்லை.